விளக்கு அணைந்தாலும் பெல்ட்டை அவிழ்க்க வேண்டாம்

2025 ஆகஸ்டு 10-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்குப் பின் திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் டெல்லி போய்ச் சேரவில்லை. மேலே ஏறிய சிறிது நேரத்துக்குள் காற்றில் சிக்கிக் கடுமையாகக் குலுங்கியது. பிறகு பாதையை மாற்றிக்கொண்டு சென்னைக்குச் சென்று, அங்கே வெகு நேரம் வட்டமிட்டு, இரண்டாவது முயற்சியில் தரையிறங்கியது.

அந்த விமானத்தில் காங்கிரஸ் தலைவர் கே.சி. வேணுகோபால், கொடிக்குன்னில் சுரேஷ், அடூர் பிரகாஷ், கே. ராதாகிருஷ்ணன் ஆகிய கேரள எம்.பி.க்களும், திருநெல்வேலி எம்.பி. ராபர்ட் புரூசும் இருந்தனர். ஆகவே செய்தி நாடெங்கும் பரவியது. தொழில்நுட்பக் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகமும், வழியில் இருந்த வானிலையும்தான் சென்னைக்குத் திரும்பியதற்குக் காரணம் என்று ஏர் இந்தியா அறிவித்தது. விமானத்தின் வானிலை ரேடாரில் பழுது என்றும் செய்திகள் வந்தன. யாருக்கும் காயம் இல்லை. எல்லோரும் பத்திரமாக இறங்கினர்.

எம்.பி.க்கள் இல்லாத நாட்களிலும் விமானங்கள் குலுங்கத்தான் செய்கின்றன. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை, வள்ளியூர் பக்கத்திலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் மஸ்கட்டுக்கும் தோஹாவுக்கும் வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஏறி இறங்குவது இந்தத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தான். அவர்களில் பலர் ஆண்டுக்கு ஒரு முறையோ, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ விமானம் ஏறுகிறவர்கள். வானில் குலுக்கல் ஏன் வருகிறது, அதில் யார் அடிபடுகிறார்கள், அடிபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்கு உட்கார வைத்து விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ரேடாருக்கும் தெரியாத காற்று

விமானத்தின் மூக்குப் பகுதிக்குள் ஒரு சிறிய ரேடார் இருக்கிறது. அது முன்னால் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. எதிரே மேகத்தில் மழைத்துளிகள் இருந்தால் அலைகள் அவற்றில் பட்டுத் திரும்பி வருகின்றன. எவ்வளவு அதிகமாகத் திரும்பி வருகிறதோ, அவ்வளவு பலத்த மழை என்று அர்த்தம். விமானியின் முன்னுள்ள திரையில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். அவர் சுற்றிக்கொண்டு போவார்.

மழைத்துளியே இல்லாத இடத்தில் காற்று மட்டும் கொந்தளித்தால் என்ன ஆகும்? ரேடார் அலை பட்டுத் திரும்ப அங்கே ஒன்றும் இல்லை. திரை வெறுமையாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நீல வானம், வெயில். அந்த நேரத்தில் விமானம் திடீரென்று தூக்கிப் போடும். இதைத்தான் வானிலை நிபுணர்கள் தெளிவான வானில் ஏற்படும் காற்றுக் கொந்தளிப்பு என்கிறார்கள். ரேடார் பழுதாகாமல் சரியாக வேலை செய்தாலும் இது அதன் கண்ணுக்குப் படாது.

‘ஏர் பாக்கெட்’ என்று பலர் சொல்வதுண்டு. வானத்தில் எங்கோ காற்றே இல்லாத ஒரு பள்ளம் இருப்பதாகவும், அதில் விமானம் விழுவதாகவும் ஓர் எண்ணம். அப்படி ஒரு பள்ளம் கிடையாது. காற்று எங்கும் இருக்கிறது. அது ஒரே சீராக ஓடாததுதான் தொல்லை.

ஆரல்வாய்மொழி தெரிந்தவர்களுக்கு இது புரியும். நாகர்கோவிலிலிருந்து நெல்லைக்குப் போகிற பஸ் கணவாய்க்குள் நுழைந்ததும் ஒரு பக்கமாக இழுக்கிறது. அதுவரை அமைதியாக இருந்த காற்று, இரண்டு மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு வேகம் எடுக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். கண்ணுக்குத் தெரியாத காற்று, இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதற்குப் பக்கத்திலேயே உள்ள சாட்சி அது.

மேலே 30 ஆயிரம், 40 ஆயிரம் அடி உயரத்தில் இந்த மாற்றம் அடுக்கு அடுக்காக இருக்கிறது. ஓர் அடுக்கில் காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடலாம். அதற்குச் சற்று மேலே உள்ள அடுக்கில் மணிக்கு 150 கிலோமீட்டராக இருக்கலாம். வேகம் வேறான இரண்டு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று உரசும்போது, குளத்து நீரின் மேல் காற்று வீசி அலை எழுப்புவதுபோல் அங்கே அலை எழும்புகிறது. அலை பெரிதாகிச் சுருண்டு உடைகிறது. உடைந்த இடத்தில் மேலும் கீழுமாகச் சுழல்கள். விமானம் அந்த இடத்தைச் சில விநாடிகளில் கடந்துவிடும். காயம் படுவதற்கு அந்தச் சில விநாடிகள் போதும்.

தென்னாட்டின் மேல் ஓடும் ஆறு

உயரத்தில் ஆறுபோல் வேகமாக ஓடும் காற்றுக்கு ‘ஜெட் ஓட்டம்’ என்று பெயர். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஓட்டம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து மேற்கே இன்னோர் ஓட்டம் உண்டு. இந்தக் கிழக்கு ஜெட் ஓட்டத்தைப் பற்றி முதலில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பி. கோடீஸ்வரம் என்ற இந்திய விஞ்ஞானி. 1958-ல் அவருடைய ஆராய்ச்சி வெளியாயிற்று. பின்னர் இந்திய வானிலைத் துறைக்கே அவர் தலைவரானார். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பயணி விமானங்கள் பறக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, இந்த ஓட்டம் பலமாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத காற்றை அளப்பதற்குத் திருவனந்தபுரம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறது. விமான நிலையத்துக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ந்தேதி கிளம்பிய முதல் ராக்கெட்டின் வேலையே அதுதான். அந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் வெகு உயரத்தில் சோடிய ஆவியைக் கக்கியது. மாலை வானில் செம்மஞ்சள் நிறத்தில் அந்த ஆவி மேகம் மிதந்தது. காற்று அதை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் இழுத்துச் செல்கிறது என்று பார்த்து விஞ்ஞானிகள் கணக்கெடுத்தனர். 1970-களில் ரஷ்யாவின் எம்-100 ராக்கெட்டுகளும் காற்றை அளப்பதற்காகவே வாரந்தோறும் இங்கிருந்து ஏவப்பட்டன.

ராக்கெட் போன உயரம் வேறு, விமானம் போகிற உயரம் வேறு. விமானம் பறக்கும் உயரத்துக் காற்றை அளப்பது பலூன்தான். உலகெங்கும் ஒரே நேரத்தில் பறக்கவிடப்படும் வானிலை பலூன்களில் திருவனந்தபுரத்து பலூனும் ஒன்று. இந்திய நேரப்படி காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்பது அந்தக் கணக்கின் நேரம். அந்த அளவுகளையும், செயற்கைக்கோள் படங்களையும், மற்ற விமானிகள் வானொலியில் சொல்லும் தகவல்களையும் சேர்த்துப் பார்த்து, வழியில் கொந்தளிப்பு இருக்கலாம் என்று வானிலைத் துறை எச்சரிக்கை விடுகிறது. தென்னகத்து வான்வெளிக்கு இந்த எச்சரிக்கையைத் தருவது சென்னை அலுவலகம்.

‘இருக்கலாம்’ என்பதோடு எச்சரிக்கை நின்றுவிடுகிறது. எந்த இடத்தில், எந்த நிமிடத்தில் என்று சொல்ல முடிவதில்லை. பலூன் ஒரு நாளைக்கு இரண்டு முறை போகிறது. காற்றின் சுழலோ சில நிமிடங்களில் தோன்றி மறைந்துவிடுகிறது.

எட்டு விநாடி

இந்தக் கொந்தளிப்பில் விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை 2024 மே 21-ந்தேதி உலகம் தெரிந்துகொண்டது. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் 211 பயணிகளும் 18 ஊழியர்களும் இருந்தனர். பயணிகளில் மூவர் இந்தியர். பர்மாவில் ஐராவதி ஆற்றுப் படுகையின் மேல், 37 ஆயிரம் அடி உயரத்தில் விமானம் வந்தபோது லேசாக அதிரத் தொடங்கியது. கீழே மேகங்கள் பொங்கி எழும்பிக்கொண்டிருந்த பகுதி அதுவாக இருக்கலாம் என்று சிங்கப்பூர் விசாரணை அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர்.

விமானப் பதிவுக் கருவியில் இருந்த விவரங்களை அவர்கள் விநாடிக் கணக்கில் வெளியிட்டார்கள். சீட் பெல்ட் விளக்கைப் போட்டுவிட்டதாக விமானி ஒருவர் சொல்வது அதில் பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து எட்டாவது விநாடியில் விமானம் சட்டென்று கீழே போயிற்று.

விளக்கு எரிந்தது. மணி அடித்தது. எட்டு விநாடி கிடைத்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, போர்வைக்கு அடியில் பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டுவதற்கு எட்டு விநாடி போதுமா? கழிப்பறையில் இருப்பவர் திரும்பி வந்து உட்கார எட்டு விநாடி போதுமா?

உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடல் எடையை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அந்த விமானத்தில் அது ஏறத்தாழ ஒன்றேகால் பங்கிலிருந்து எதிர்ப்பக்கமாக ஒன்றரைப் பங்குக்கு மாறியது. அதற்கு ஆன நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஆறு பாகம். விமானம், கையிலிருந்து நழுவிய கல்லைவிட வேகமாகக் கீழே போயிற்று என்று பொருள். பெல்ட் போட்டவர்கள் விமானத்தோடு சேர்ந்து போனார்கள். போடாதவர்கள் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றார்கள். கூரை இறங்கி வந்து அவர்கள் தலையில் மோதியது. அறுபது கிலோ எடையுள்ள மனிதர் தொண்ணூறு கிலோ விசையோடு கூரையில் எறியப்பட்டதுபோல்தான் அது. அடுத்த நான்கு விநாடிக்குள் எடை மறுபடியும் கீழ்நோக்கி ஒன்றரைப் பங்கு ஆயிற்று. மேலே போனவர்கள் நாற்காலிக் கைப்பிடிகளின் மேலும், நடைபாதையிலும், மற்றவர்கள் மேலும் விழுந்தார்கள்.

எல்லாம் சேர்ந்து ஐந்து விநாடிகூட ஆகவில்லை. விமானம் 6 ஆயிரம் அடி விழுந்தது என்று முதலில் செய்திகள் வந்தன. உண்மையில் அது இறங்கியது 178 அடி. இரண்டு மூன்று தென்னை மர உயரம், அவ்வளவுதான். 6 ஆயிரம் அடி இறங்கியது பிற்பாடு, பாங்காக்கில் அவசரமாகத் தரையிறங்குவதற்காக விமானி நிதானமாக இறக்கியபோது.

அந்த 178 அடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 73 வயதான பிரிட்டிஷ் பயணி ஒருவர் உயிரிழந்தார். அவருக்கு மாரடைப்பு வந்திருக்கலாம் என்று சொல்லப்பட்டது. பாங்காக் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் 22 பேருக்கு முதுகெலும்பில் அல்லது தண்டுவடத்தில் காயம், 6 பேருக்கு மண்டை ஓட்டிலோ மூளையிலோ காயம் என்று அந்த மருத்துவமனை அறிவித்தது.

இந்தியாவில் நடந்தது

தெளிந்த வானில் அல்லாமல், புயல் மேகத்தில் குலுங்கி நடந்த விபத்துக்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 2022 மே 1-ந்தேதி மும்பையிலிருந்து மேற்கு வங்காளத்தின் துர்காபூருக்குச் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானம், தரையிறங்க வரும் வழியில் கோடைப் புயலில் சிக்கியது. எடைக் கணக்கு கீழ்நோக்கி 2.64 பங்கு வரையிலும், எதிர்ப்பக்கம் 1.36 பங்கு வரையிலும் போயிற்று. தானாக ஓட்டும் கருவி சிறிது நேரம் விலகிவிட்டதால் விமானிகள் கையாலேயே ஓட்டினார்கள். 14 பயணிகளும் 3 ஊழியர்களும் காயமடைந்தனர் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தெரிவித்தது.

விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. செய்தி இரண்டு மூன்று நாளில் பத்திரிகைகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் முதுகெலும்பில் அடிபட்ட ஒரு பயணி மருத்துவமனையை விட்டு எழவே இல்லை. ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் கடைசியில் அவர் காலமானார். விமானம் விழவில்லை, எரியவில்லை, இறக்கைகூட வளையவில்லை. ஆனாலும் அது ஓர் உயிரை வாங்கிய விபத்து.

விமானம் உடைந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயம் இன்று பெரும்பாலும் தேவையில்லாதது. பெரிய பயணி விமானங்கள் எடையைப்போல் இரண்டரை மடங்கு சுமையைச் சேதமில்லாமல் தாங்க வேண்டும், அதற்கு மேலும் ஒன்றரை மடங்கு வரை உடையாமல் நிற்க வேண்டும் என்பது கட்டுமான விதி. துர்காபூர் விமானம் இரண்டரையைத் தாண்டியும் நின்றது அதனால்தான். முற்காலத்தில் அப்படி இல்லாமல் போனதும் உண்டு. 1966 மார்ச் 5-ந்தேதி டோக்கியோவிலிருந்து ஹாங்காங் கிளம்பிய பிரிட்டிஷ் போயிங் விமானம், தெளிந்த வானில், பியூஜி மலைக்குப் பக்கத்தில், மலையைத் தாண்டி வரும் காற்றின் அலைகளில் சிக்கி உடைந்தது. 124 பேரும் மாண்டனர். பாபநாசத்தில் பாறையைத் தாண்டி விழும் தாமிரபரணி, பாறைக்குப் பின்னால் எப்படிச் சுழல்கிறதோ, அதேபோல் மலைக்குப் பின்னால் காற்றும் சுழல்கிறது என்பதை அந்தத் துயரம் விமானிகளுக்குக் கற்பித்தது.

ஆக, இந்தக் காலத்தில் விமானம் தாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் மனிதன்தான் தாங்குவதில்லை.

நின்று வேலை செய்கிறவர்கள்

கொந்தளிப்பில் அதிகம் அடிபடுவது யார்? அமெரிக்க அரசின் விமானத் துறை 2009 முதல் 2022 வரை எடுத்த கணக்கில், கடுமையாகக் காயமடைந்தவர்கள் 163 பேர். அதில் பயணிகள் 34 பேர்தான். மீதி 129 பேர் விமான ஊழியர்கள்.

காரணம் எளிது. பயணி உட்கார்ந்திருக்கிறார். பணிப்பெண் நின்றுகொண்டிருக்கிறார். நூறு கிலோ எடையுள்ள சாப்பாட்டு வண்டியைத் தள்ளுகிறார், குனிந்து தேநீர் ஊற்றுகிறார், மேலே உள்ள பெட்டியை மூடுகிறார். விளக்கு எரிந்த பிறகும், எல்லோரும் பெல்ட் போட்டார்களா என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். போடாத ஒருவருக்காக அவர் நிற்கிற நேரம், அவர் உட்காராத நேரம். ஆகவே ஒருவர் பெல்ட் போடாமல் இருப்பது அவருடைய சொந்த விஷயம் மட்டும் அல்ல. வேலை செய்து பிழைக்கிற இன்னொருவருடைய முதுகெலும்பும் அதில் அடங்கியிருக்கிறது.

சிங்கப்பூர் சம்பவத்துக்குப் பின் பல கம்பெனிகள் விழித்துக்கொண்டன. பெல்ட் விளக்கு எரியும்போது சாப்பாடு பரிமாறுவதை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுத்தியது. கொரியன் ஏர், சாதாரண வகுப்புப் பயணிகளுக்குக் கொதிக்கும் நீரில் நூடுல்ஸ் கொடுப்பதை 2024 ஆகஸ்டிலிருந்து கைவிட்டது. விமானம் குலுங்கும்போது பக்கத்திலிருப்பவர் மடியில் அந்த வெந்நீர் கொட்டினால் என்ன ஆகும் என்பதை யாரும் யூகிக்கலாம்.

குலுக்கல் கூடுகிறதா?

கூடுகிறது என்றுதான் ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வட அட்லாண்டிக் கடலின் மேல் ஓர் இடத்தில் தெளிந்த வானில் கடுமையான கொந்தளிப்பு இருக்கும் நேரம் 1979-ல் ஆண்டுக்கு 17.7 மணியாக இருந்தது, 2020-ல் 27.4 மணியாகிவிட்டது. அதாவது 55 சதவீத உயர்வு. பூமி சூடாவதால் உயரத்தில் காற்று அடுக்குகளுக்கு இடையே உள்ள வேக வித்தியாசம் அதிகமாகிறது என்பது அவர்கள் கூறும் காரணம்.

கண்ணுக்குத் தெரியாத காற்றைக் காட்டும் கருவி இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கி என்ற ஊரில் வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் பெரிய ரேடார் ஒன்று இருக்கிறது. மேகமே இல்லாத வானில் காற்றின் சுழலை அது கண்டுபிடித்துவிடும். ஆனால் 130 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலமுள்ள திடலில் 1,024 ஆன்டெனாக்களை நட்டு வைத்த அமைப்பு அது. தன் தலைக்கு மேலே உள்ள வானத்தைத்தான் பார்க்கும். அதை விமானத்தில் ஏற்றிச் செல்ல முடியாது.

ரேடியோ அலைக்குப் பதில் லேசர் ஒளியை அனுப்பி, காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசிகளிலிருந்து திரும்பும் ஒளியைக் கணிக்கும் கருவியை ஜப்பானிய விண்வெளி நிறுவனம் தயாரித்தது. 2018-ல் போயிங் விமானம் ஒன்றில் வைத்து அதைப் பரிசோதித்தார்கள். அதன் பார்வை 17 கிலோமீட்டர் தூரம் எட்டும். விமானிக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான அவகாசம் கிடைக்கும். எட்டு விநாடி எங்கே, ஒரு நிமிடம் எங்கே! ஆனால் அந்தக் கருவி எல்லா விமானத்துக்கும் வர இன்னும் நாளாகும். அதுவரை பயணிக்குக் கையில் உள்ள கருவி ஒன்றே ஒன்று. அது இடுப்பில் கட்டுகிற பெல்ட்.

என்ன செய்ய வேண்டும்?

விளக்கு எரியும்போது மட்டும் பெல்ட் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விளக்கு அணைந்த மணி ஓசை கேட்டதும் ‘டக், டக்’ என்று பெல்ட்டுகள் அவிழும் சப்தம் விமானம் முழுவதும் கேட்கும். விளக்கு அணைந்திருக்கிறது என்றால், எழுந்து போக அனுமதி இருக்கிறது என்றுதான் அர்த்தம். இனி குலுங்காது என்று விமானி உத்தரவாதம் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம் அல்ல. அவருக்கே தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படி உத்தரவாதம் கொடுப்பார்?

ஆகவே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம், தூங்கும்போதும்கூட, பெல்ட் போட்டிருக்க வேண்டும். வயிற்றின் மேல் தளர்வாகக் கிடந்தால் பயன் இல்லை. இடுப்பெலும்பின் மேல், தாழ்வாக, இறுக்கமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே வரும்படி கட்டிக்கொள்ள வேண்டும். போர்வை போர்த்தினால் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொள்ளலாம். பணிப்பெண் சரிபார்ப்பதற்காகத் தூக்கத்தைக் கலைக்க மாட்டார்.

இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தையை மடியில் வைத்திருப்பவர்கள், குழந்தைக்கென்று உள்ள சிறு பெல்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தாயின் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டக் கூடாது. தாயின் உடல் எடை முழுவதும் குழந்தையை நசுக்கிவிடும். கைகளால் இறுகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. அரை விநாடியில் எகிறும் குழந்தையைப் பிடித்து நிறுத்தும் பலம் எந்தக் கைக்கும் இல்லை.

கழிப்பறைக்குப் போயிருக்கும்போது குலுங்கினால், சீட்டுக்கு ஓடி வரப் பார்க்கக் கூடாது. அங்கேயே கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்துவிட வேண்டும். நடைபாதையில் இருந்தால் பக்கத்தில் காலியாக உள்ள சீட்டில் உட்காரலாம். அதுவும் இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து சீட்டின் காலைப் பிடித்துக்கொள்ளலாம். பாட்டில், கனமான பெட்டி போன்றவற்றை மேலே திறந்த அலமாரியிலோ மடியிலோ வைக்கக் கூடாது. ஊருக்கு வாங்கி வந்த பொருள்கள் உயரத்திலிருந்து விழுந்தால், யார் தலையில் விழுகிறதோ அவருக்கு நஷ்டம்.

அடிபட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு விமானப் பயணங்களுக்கு 1999-ல் மான்ட்ரீல் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை பொருந்துகிறது. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. வளைகுடா நாடுகளும் சேர்ந்திருக்கின்றன. விமானத்துக்குள் நடந்த விபத்தில் பயணிக்கு உடல் காயம் ஏற்பட்டால், கம்பெனியின் தவறு என்று நிரூபிக்காமலே ஒரு வரம்பு வரை நஷ்டஈடு கேட்கலாம். சர்வதேச நிதியத்தின் கணக்கு நாணயத்தில் வைக்கப்பட்ட அந்த வரம்பு, 2024 டிசம்பர் 28-ந்தேதி முதல் 1,51,880 ஆக உயர்த்தப்பட்டது. ரூபாயில் அது ஒன்றரைக் கோடிக்கு மேல். முழுத் தொகையும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. காயத்தின் அளவையும், இழந்த வருமானத்தையும் பொறுத்தே கிடைக்கும். பயந்துபோனதற்கு மட்டும் நஷ்டஈடு கிடையாது. உள்நாட்டுப் பயணத்துக்கு மத்திய அரசு தனியாக வரம்பு வகுத்திருக்கிறது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். இரண்டாவது, பயணியின் நிரந்தர வீடு இந்தியாவில் இருந்து, அந்தக் கம்பெனியும் இங்கே விமானம் விட்டால், வழக்கை இந்தியாவிலேயே போடலாம். துபாய்க்கோ தோஹாவுக்கோ அலைய வேண்டியதில்லை. மூன்றாவது, காயத்துக்குப் பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று கம்பெனி நிரூபித்தால் நஷ்டஈடு குறையும், இல்லாமலும் போகலாம். விளக்கு எரிந்தும் பெல்ட் போடாதவர் என்று பணிப்பெண் எழுதி வைத்திருந்தால், அந்த ஒரு வரி போதும்.

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவர், ‘வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்’ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்கக் கூடாது. விமானத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே ஊழியரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். விமான நிலையத்திலேயே டாக்டரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டும். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்த வேண்டும். முதுகெலும்புக் காயம் அன்றைக்கு லேசாக வலிக்கும். பல நாள் கழித்துத்தான் காலை மரத்துப்போகச் செய்யும்.

மூட்டை சுமக்கிறவருக்கும், சாரம் ஏறுகிறவருக்கும், லாரி ஓட்டுகிறவருக்கும் முதுகெலும்புதான் முதலீடு. கம்ப்யூட்டர் முன் எட்டு மணி நேரம் உட்காரும் குமாஸ்தாவுக்கும் அப்படியே. அந்த முதுகெலும்பை நம்பி ஊரில் ஒரு வீட்டுக் கடனும், ஒரு தங்கை கல்யாணமும், இரண்டு பிள்ளைகளின் படிப்பும் இருக்கின்றன. நான்கு மணி நேரம் இடுப்பில் ஒரு பட்டையை இறுக்கிக்கொண்டு உட்காருவது கொஞ்சம் சிரமம்தான். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.